கம்பி மெலிந்தால் தமிழும் மெலிய வேண்டுமா?

உடன்குடியை அடுத்த கல்லாமொழியில் 660 மெகாவாட்டு அலகுகள் இரண்டு கொண்ட அனல்மின் நிலையத்திற்கு இடம் கிடைத்தது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்திற்கு 2024 பெப்பிரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. விண்ணுக்குக் கலம் விடுதற்கு ஏற்ற மண் என்று தேரிநிலத்தைத் தேர்ந்த தில்லியர், அம்மண்ணின் ஊராட்சி அலுவலகத்திற்கு ஒரு கண்ணாடியிழை இழுப்பதற்கு மட்டும் ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தனர். இந்நிலையில், "இணைப்பு மெல்லியது, ஆகலின் அலுவல் ஆங்கிலத்தில் நடப்பதே எளிது, தமிழ் கணினியில் மிகுந்த இடம் அடைக்கும்" என்று ஓதுவார் சிலர் கிளம்பியுள்ளனர். இப்பொய்யை எண்ணிக்கை கொண்டே உடைத்தல் வேண்டும்.

கணினி அறிவது சுழியும் ஒன்றுமாகிய துணுக்குகளையே. ஒருங்குறி முறையில் ஆங்கில எழுத்து ஒன்று 8 துணுக்குகளாகச் செல்கின்றது. தமிழ்க் குறி ஒன்று 24 துணுக்குகளாகச் செல்கின்றது. உண்மைதான், மறுப்பாரில்லை. ஆயினும் ஒரு பக்கத் தமிழாணையில் 2,000 குறிகள் உளவெனக் கொண்டால், அது 48,000 துணுக்குகளே. அகலப்பட்டை எனப் பெயர் பெறுதற்கு நொடிக்கு 2,56,000 துணுக்குகள் போதுமென 2004-இலும், 5,12,000 வேண்டுமென 2013-இலும், 20 இலக்கம் வேண்டுமென 2023-இலும் நடுவணரசே வரையறுத்தது. அவற்றுள் 2013-ஆம் ஆண்டின் மெல்லிய அளவிலேயே அத்தமிழாணை நொடியில் பத்தில் ஒரு பங்கிற்குள் போய்ச் சேரும். இதையா சுமையென்பது?

சுமை வேறிடத்தில் உள்ளது. தமிழில் தட்டச்சிட்ட ஆணையைத் தாளில் எடுத்து, ஒப்பமும் முத்திரையும் இட்டு, மீண்டும் படமாக்கி அனுப்பும் மடமையே சுமை! அப்படம் ஏறத்தாழ 80 இலக்கம் துணுக்குகளாகப் பெருத்துவிடும். செப்புக் கம்பி இணைப்பிலோ வரும்வழி அகலம், போம்வழி ஒடுக்கம். நொடிக்கு 1,28,000 துணுக்குகள் போகும் வழியில் அப்படம் ஒரு மணித்துளிக்கு மேல் ஊர்ந்து செல்லும்; அதே ஆணை எழுத்தாகச் சென்றால் அரைநொடியும் ஆகாது. தொலைவு கூடுந்தோறும் செம்பின் விரைவு குன்றும். கடற்காற்றின் உப்போ இணைப்புமுனைகளை அரிக்கும். மணற்பாட்டுக் கரையிலிருப்பார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

தொலைபேசியின் கதையும் இதுவே. ஊராட்சி அலுவலகத்தை ஒன்றியத்தோடும் தூத்துக்குடியோடும் இணைக்க, பொது இணையத்தினூடே பிறர் படிக்கவியலாதவாறு மறையாக்கஞ் செய்த தனிவழி அமைப்பர். மெய்நிகர் தனிப்பிணையம் என்பது அது. பேச்சைச் சுருக்கியனுப்பும் முறையொன்றில் ஒவ்வொரு கட்டிலும் பேச்சு 160 துணுக்குகளே. அதன்மேல் முகவரியுறை 320. மறைகாப்புறை ஏறத்தாழ 400. உறை உள்ளீட்டை விஞ்சுகின்றது! எனினும் நொடிக்கு 50 கட்டுகள் சென்றாலும் கணக்கு 44,000 துணுக்குகளே. ஒடுங்கிய வழியிலும் ஒருவர் தாராளமாகப் பேசலாம். ஆனால் அவ்வேளையில் மேற்சொன்ன படம் புறப்பட்டதோ, குரல் அறுந்து போகும். படக்கட்டு ஒன்று 12,000 துணுக்குகளுடன் வழியை நொடியில் பத்தில் ஒரு பங்கு அடைத்துக்கொள்ளும். பேச்சு ஒருபுறம் செல்ல 150 ஆயிரத்திலொரு பங்கு நொடிக்கு மேலானால் உரையாடல் இடறத் தொடங்கும். பழி தமிழின்மேல், பிழை படத்தின்மேல்.

(தேரிநிலத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெலின் ஒப்பிலக்கணம் 1856-இல் இலண்டனில் அச்சேறிற்று. கப்பலும் மாட்டுவண்டியும் தமிழ்ச்செய்தியைச் சுமையென்று சொல்லவில்லை.)

இனித் தில்லியின் திருவிளையாடல். இரண்டரை இலக்கம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை வடம் ஈராண்டில் என்று 2011 அக்தோபரில் ஒப்புதல் தந்தனர்; பின்னர் 'பாரத்நெட்டு' என்று பெயர் மாற்றினர். பெயர் மாறியது, இழை வரவில்லை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியை 2020 சூனில் நீக்கச் சொன்னதும் நடுவணரசே. அவ்வொப்பந்த நெறிகளில் குறை கண்டோர் தமிழ்நாட்டிலும் இருந்தனர். சென்னையார் தூயர் என்று இவ்விதழ் சான்று தாராது. ஆனால் தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காட்டைச் சிற்றூர்த் தொடர்புக்கென்று 2002 முதல் கொண்டவர் யார்? அப்பணம் நம் கட்டணத்தில் கலந்து சென்றதன்றோ? 2023-இல் 1,39,579 கோடி உருபா என்று மீண்டும் ஒரு திருத்தத் திட்டம் வகுத்தனர். ஈராண்டு வாக்கு அதற்குள் பன்னீராண்டு கடந்திருந்தது.

இழை வரும்வரை கைகட்டி நிற்றல் வேண்டா. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும், ஒருங்குறியை ஏற்ற 2010-ஆம் ஆண்டின் அரசாணையும் கையில் உள்ளன. ஊராட்சிக்கும் ஒன்றியத்திற்குமிடையே செல்லும் ஆணை, வேண்டுகை, கணக்குக் குறிப்பு ஆகியவை தமிழெழுத்தாகவே செல்லட்டும். கையொப்பமும் மின்முறையில் அமையட்டும். படங்கள் இரவில் செல்லட்டும். தனிவழிக்குள் நுழையுமுன்பே பேச்சுக்கட்டுகளுக்கு முதல்வழி விடுமாறு வழிப்படுத்தியில் அமைக்கட்டும். இவற்றுள் எதற்கும் தில்லியின் ஒப்புதல் வேண்டியதில்லை. மாவட்டத் தலைநகரில் அமர்ந்திருக்கும் அலுவலரின் ஓராணை போதும்.