பிள்ளையும் வக்கீலும்

புருஷனும் பெண்சாதியும் பிரிந்துவிடுவதென்று தீர்மானித்தால் நகையையும் பாத்திரத்தையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். பிள்ளையைப் பங்கு போட முடியுமா? இந்த இடத்தில்தான் நம் பெண்களுக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. "பிள்ளை அப்பன் சொத்து; கோர்ட்டுக்குப் போனாலும் அவனுக்குத்தான்" என்று மாமியார் வீட்டார் மிரட்டுவதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். சிலர் வக்கீலுக்கு முன் ஜோசியரிடம் போகிறார்கள். வக்கீல் தோற்றால் அப்பீலாவது உண்டு. ஜோசியர் தோற்றாலோ பரிகாரத்திற்கும் அல்லவா பணம் கேட்பார்!

"அப்பன் சொத்து" என்பது சுத்தப் புரட்டு என்றே சொல்லுவோம். 1956ம் வருஷத்து இந்து மைனர் கார்டியன் சட்டம் தகப்பனை முதலிலும் அவனுக்குப் "பின்" தாயையும் கார்டியனாக வைத்திருப்பது வாஸ்தவந்தான். அது ஆண்களுக்கு ஏற்ற ஏற்பாடு என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாய்த் தாயிடமே இருக்கவேண்டுமென்றும், குழந்தையின் நலமே எல்லாவற்றிற்கும் மேலென்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. 1999ல் கீதா ஹரிஹரன் என்ற எழுத்தாளர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, "பின்" என்றால் தகப்பன் செத்த பின் என்று மட்டும் அர்த்தமல்ல, அவன் பிள்ளையைக் கவனியாதிருந்தாலும் தாய் கார்டியன்தான் என்று சொல்லிவிட்டது.

ஆகவே வக்கீலைத் தேடுகிறவர்கள் அவருடைய காரையும் கட்டடத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். முதல் நாள் அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். குழந்தைக்கு என்ன வயது, எந்தப் பள்ளிக்கூடம், ஜுரம் வந்தால் யார் டாக்டரிடம் தூக்கிப்போவது, இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் அவர் வழக்கைப் புரிந்துகொண்டவர். விவாகரத்து வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே பிள்ளையைக் கேட்டு மனுச் செய்யலாம். 1890ம் வருஷத்துச் சட்டப்படி தனியாய்ச் செய்தால், குழந்தை சாதாரணமாய் வசிக்கும் இடத்துக் கோர்ட்டில் செய்யவேண்டும். இதைச் சொல்லாமலே வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கிறவரிடம் நிதானமாகவே இருங்கள். "ஜெயம் நிச்சயம், ஜெயித்தால் இவ்வளவு கொடு" என்று பேரம் பேசுகிறவரோ பார் கவுன்சில் விதியையே மீறுகிறவர். அவர் வாசலை விட்டு இறங்கிவிட வேண்டியதுதான்.

கூச்சல் போட்டு எதிர்க்கட்சியைத் திட்டுகிற வக்கீலும் குடும்பக் கோர்ட்டில் உதவமாட்டார். 1984ம் வருஷத்துச் சட்டப்படி அங்கே வக்கீல் வைப்பது பாத்தியதையே அல்ல. ஜட்ஜின் அனுமதி வேண்டும். முதலில் சமரசத்திற்கும் பார்ப்பார்கள்.

பணமில்லையே என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். 1987ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயிருந்தாலும், வழக்கு நடத்த வக்கீலைச் சர்க்காரே இலவசமாய்க் கொடுக்கவேண்டும். இது பிச்சையல்ல, பாத்தியதை. இருந்தும் எத்தனை தாய்மார்கள் இது தெரியாமல் கழுத்துச் சங்கிலியை விற்றிருப்பார்கள்! ஜில்லாக் கோர்ட்டு வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசு இருக்கிறது. தாலூக்காக்களிலும் கமிட்டி உண்டு. போனில் கேட்க 15100. கொடுத்த வக்கீல் வாய்தாவுக்கு வராமல் ஏமாற்றினால், வேறு ஆள் வேண்டுமென்று அதே ஆபீசில் எழுதிக்கொடுங்கள். போகும்போது பிள்ளையின் பிறப்புச் சர்டிபிகேட்டும், பள்ளிக்கூட ரசீதும், ஆஸ்பத்திரிச் சீட்டும் கையில் இருக்கட்டும். ஜாதகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.