'இல்லை' என்று சொல்வதும் கண்டுபிடிப்புதான்!

பரமத்தி வேலூர் காவிரிப் பாலத்தில் நின்று செல்போனில் எஃப்.எம். ரேடியோ போட்டால், 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் பாட்டு கேட்கும். (கோட்டை இருக்கிற வேலூர் இல்லை, இது வெற்றிலைக் கொடிக்கால் வேலூர்!) அதற்குக் கொஞ்சம் கீழே, 78-ல், பிரபஞ்சத்தின் முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்துச் சேதி கிடைத்துவிட்டது என்று 2018 மார்ச்சில் உலகமே கொண்டாடியது. அந்தச் சேதியைத் தேடிப் பார்த்துவிட்டு "காணோமே" என்று 2022-ல் சொன்னது பெங்களூரு.

இதைச் சொன்னால் நம்மவர்கள் தரும் பதில் என்ன தெரியுமா? "அடுத்தவன் கண்டுபிடிச்சதை இல்லைன்னு சொன்னாங்க, அவ்வளவுதானே?"

அவ்வளவுதானா? விஷயத்தை முழுசாகப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் இருப்பது 'டார்க் மேட்டர்' என்கிற இருள்பொருள். பெயர்தான் இருள்; உண்மையில் அது ஒளியை விழுங்குவதும் இல்லை, உமிழ்வதும் இல்லை. கண்ணாடியைவிடத் தெளிவாக ஒளி அதைக் கடந்து போகும். ஈர்ப்பு விசையால் மட்டுமே அது இருப்பது தெரிகிறது. மின்காந்த விசை அதைத் தொடுவதே இல்லை, அல்லது மிக மிகக் கொஞ்சமாகத் தொடுகிறது. அந்த 'அல்லது'வில்தான் கதையே!

ஹைட்ரஜன் அணுவின் ரேடியோ அலை 1420 மெகாஹெர்ட்ஸ். பிரபஞ்சம் விரிய விரிய அலையும் நீண்டு, 78-க்கு இறங்கிவிட்டது என்றார்கள், ஆஸ்திரேலியாவில் 'எட்ஜஸ்' ஆண்டெனா வைத்திருந்தவர்கள். அவர்கள் கண்ட பள்ளத்தின் ஆழம் 0.5 கெல்வின். கணக்குப்படி 0.2-க்கு மேல் போகக்கூடாது. அப்படியானால் ஒன்று, அன்றைய ரேடியோ பின்னணி நினைத்ததைவிட அதிகம். இல்லை, ஹைட்ரஜன் வாயு நினைத்ததைவிடக் குளிர்ச்சி.

வாயுவைக் குளிர வைத்தது யார்? இருள்பொருள்தான் என்றார் இஸ்ரேலின் ரென்னன் பர்கானா. இருள்பொருளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான துகள்களுக்கு, எலெக்ட்ரானுடையதில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மின்னூட்டம் இருந்தாலே போதும் என்றார்கள் ஹார்வர்டின் முன்யோஸும் லோபும். மெதுவாகப் போகும் துகள்களிடம்தான் மின்விசை நன்றாக வேலை காட்டும். அந்தக் காலத்து வாயுவும் மெதுவானது. அழகான யோசனை. ஆனால் அந்தப் பள்ளம் நிஜமா?

வேலூரைத் தாண்டி ஓடும் காவிரி அடுத்துப் போய்ச் சேரும் திருச்சியில் பிறந்தவர் சர் சி.வி.ராமன். அவர் 1948-ல் பெங்களூரில் தொடங்கிய ராமன் ஆய்வுக்கழகம் 'சாரஸ் 3' ஆண்டெனாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டது. ஏன் தண்ணீர்? தரையில் வைத்தால், கீழே அடுக்கடுக்காக இருக்கும் மண்ணும் பாறையும் அளவைக் குழப்பும். தண்ணீர் ஒரே சீரானது. காவிரியிலேயே மிதக்க விட்டிருக்கலாமே என்றால், ரேடியோ இரைச்சல் குறைந்த இடமாகவும் இருக்க வேண்டுமே! 2020-ல் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணையின் தேங்கிய நீரிலும் அளந்தார்கள். 2022 பிப்ரவரியில் முடிவு வந்தது: எட்ஜஸ் சொன்ன பள்ளம் இல்லை, 95.3 சதவீத உறுதியுடன்.

வானத்தின் சொந்த இரைச்சலே ஆயிரம் கெல்வினுக்கு மேல். அதில் அரை கெல்வினைத் தேட வேண்டும். கருவியின் சின்னக் கோளாறுகூடக் கண்டுபிடிப்பு மாதிரி வேஷம் போடும். அங்கே "இல்லை" என்று சொல்ல வேண்டுமானால், தன் கருவியைத் தானே சந்தேகப்பட்டுச் சல்லடை போட்டிருக்க வேண்டும். இது சின்ன வேலையா?

இருள்பொருளுக்கு மின்னூட்டமே கிடையாது என்று சாரஸ் சொல்லவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட பெரிய சாட்சி நிற்கவில்லை என்றது, அவ்வளவே. அளந்ததற்கு மேல் ஒரு வார்த்தை பேசாததும் நேர்மைதான்.

மார்க்குக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் இது முதலில் உறைக்க வேண்டும். ப்ராக்டிகல் தேர்வில் விடை புத்தகத்தோடு ஒத்துப் போகாவிட்டால், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுகிற வித்தை யாருக்குத்தான் தெரியாது? அந்த வித்தையில் நூற்றுக்கு நூறு வாங்கலாம். ஆனால் ஏரியில் ஆண்டெனாவை மிதக்கவிட்டு, உலகமே கொண்டாடியதை "இல்லை" என்று சொல்லும் தைரியம் அதிலிருந்து ஒருநாளும் வராது!