முதற்பிரதிக்கு முன்னால் ஒரு மேசை

கொழும்புத் தமிழ்ச் சங்கத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

கொழும்பில் தமிழில் எழுதுகிறவர்களில் வெள்ளவத்தைக்கு வந்து சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபத்துப் படியேறாதவர் அருமை. புத்தகம் வந்தால் அங்கேதான் விழா. மங்கல விளக்கு, தமிழ்வாழ்த்து, வாழ்த்துரைகள், நயவுரை, ஏற்புரை. முதற்பிரதியை வர்த்தகப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொள்வார். சிறப்புப் பிரதிக்கு வரிசை நிற்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால், முதல் அத்தியாயத்தில் சாந்தியாக இருந்தவள் மூன்றாம் அத்தியாயத்தில் சாரதாவாகியிருப்பாள். முதற்பிரதி வாங்க ஆள் இருக்கிறது. கடைசிப் புரூவ் பார்க்க ஆள் இல்லை. நாளிதழொன்றில் ஒப்புநோக்குநராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சேமிப்பிலிருந்து காசு எடுத்துப் புத்தகம் போடுகிறார். தட்டெழுத ஒருவர், அட்டைக்கு ஒருவர், அச்சகம் ஒன்று. ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருகிறது. அணிந்துரைக்குப் பேராசிரியர் ஒருவர் அகப்பட்டுவிடுவார். "இந்த அத்தியாயம் தேவையில்லை, இந்த ஆண்டு பிழை, இந்தச் சம்பவம் முன்னால் வரவேண்டும்" என்று கைப்பிரதியோடு உட்கார்ந்து சொல்லும் செவ்விதாக்குநர் மட்டும் இந்த வரிசையில் எங்கேயும் இல்லை. ஆகவே என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செவ்விதாக்கத்தை நடுவில் வைத்து, படைப்பெழுத்தும் இதழியலும் அதனோடு சேர்ந்த குறுங்காலக் கற்கைநெறி ஒன்றைச் சங்கம் நடத்த வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தப் பயிற்சியைப் பத்திரிகைக் காரியாலயங்கள் சம்பளமும் கொடுத்துத் தந்தன. 1930 இல் தொடங்கிய வீரகேசரிக்கு எழுத்தாளர் வ.ரா. ஆசிரியராக இருந்தார். லேக் ஹவுஸ் 1932 இல் தொடங்கிய தினகரனுக்கு 1959 இல் க. கைலாசபதி ஆசிரியரானபோது அவருக்கு முப்பது வயது ஆகவில்லை. குறுகிய காலமே அந்த நாற்காலியில் இருந்தாலும் ஈழத்து எழுத்தாளர்களுக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டார். எஸ்.டி. சிவநாயகம் தினபதியிலும் சிந்தாமணியிலும் எத்தனையோ புதியவர்களை எழுத வைத்தார். அந்தக் காலத்து இளைஞர்கள் தாங்கள் அனுப்பிய கதையையும் அச்சில் வந்த கதையையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். எந்த வரி போயிற்று, ஏன் போயிற்று என்று யோசித்து யோசித்தே எழுதப் பழகினார்கள். உதவி ஆசிரியரின் சிவப்புப் பேனாதான் அவர்களுக்கு ஆசான்.

இன்று அந்தப் பேனாவுக்கு நேரமில்லை. 2022 இல் காகிதத் தட்டுப்பாடு வந்து ஐலண்ட், திவயின ஆகிய பத்திரிகைகள் அச்சையே இடைநிறுத்தின. அந்த நெருக்கடிக்கு முன்பே வாசகர்கள் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது உதவி ஆசிரியர் ஒருவரே ஊடக அறிக்கையைச் சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்து, பக்கத்துக்கும் கொடுத்து, இணையத்திலும் ஏற்ற வேண்டும். புதியவரின் கதையைத் திருத்தி எழுதிக் காட்ட அவரால் எப்படி முடியும்?

கற்பதற்கு இடமே இல்லை என்று சொல்லவரவில்லை. 2004 இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி தமிழிலும் டிப்ளோமா நடத்துகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் டிப்ளோமா உண்டு. அவை ஊடகத்தைத் தொழிலாக எடுக்க வருபவர்களுக்கானவை. வேலையை விட முடியாத ஆசிரியை, கோவில் மலர் தொகுப்பவர், முப்பத்தோராம் நாள் நினைவு மலரான கல்வெட்டுக்குத் தகப்பனின் வாழ்க்கையை எழுத உட்காரும் மகன், பாடசாலைச் சஞ்சிகைக்குப் பொறுப்பானவர், முதல் நாவலை மேசைக்குள் வைத்திருக்கும் வங்கி உத்தியோகத்தர் ஆகியோருக்கு ஒரு வருடப் படிப்பு ஒத்துவராது. கொழும்பின் தமிழ் அச்சில் பெரும்பங்கு இவர்களுடையது.

"டொமினிக் ஜீவா எந்தக் கற்கைநெறியில் படித்தார்?" என்று செயற்குழுவில் யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் சலூன் தொழில் செய்தவர், 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 இல் தொடங்கிய மல்லிகை இதழைப் பின்னாளில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து கொண்டுவந்தார். பட்டமோ சான்றிதழோ அவருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அந்தச் சலூனில் புத்தகமும் பத்திரிகையும் கிடந்தன. முடி வெட்ட வந்தவர்களும் வெட்டாமல் இருந்தவர்களும் அவரோடு வாதாடினார்கள். எழுதியதை முகத்துக்கு நேரே மறுத்துப் பேச ஆட்கள் இருந்தார்கள். இன்று எழுதத் தொடங்குபவருக்கு முகநூலில் 'அருமை' மட்டும்தான் கிடைக்கிறது. நான் கேட்கும் வகுப்பு அந்த வாதத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்குத்தான்.

செவ்விதாக்கத்துக்கு முன்மாதிரி ஒன்று உண்டு. சென்னையில் 1974 இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பதிப்பாளர் என்றால் அச்சடிப்பவர் மட்டுமல்ல, எழுத்தாளரோடு பிரதியில் வேலை செய்பவர் என்று காட்டினார். அப்படியானவர்கள் இங்கேயும் உருவாகலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. 1960களில் ஈழத்து இலக்கியத்தில் நடந்த மரபுப் போராட்டம் பேச்சுத் தமிழின் உரிமைக்காகவும்தான். மலையகத் தமிழையும் மட்டக்களப்புத் தமிழையும் கொட்டாஞ்சேனைத் தெருத் தமிழையும் 'திருத்தி' ஒரே பாடநூல் தமிழாக்கினால் அது செவ்விதாக்கம் ஆகாது. எதைத் தொடக்கூடாது என்பதையும் வகுப்பு கற்பிக்க வேண்டும்.

பாடத்திட்டத்துக்கு எனக்குத் தெரிந்த அளவில் ஒரு யோசனை. பன்னிரண்டு வாரம், இருபது பேர். முதல் நான்கு வாரம் புரூவ் குறியீடு, சந்தி, ஆண்டு, பெயர், எண் சரிபார்த்தல், பிறர் எழுதியதைச் சுருக்குதல். அடுத்த நான்கு வாரம் செய்தி. அதில் ஒவ்வொருவரும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபைக்கோ பிரதேச செயலகத்துக்கோ ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் அங்கே முடிவெடுக்க வேண்டும் என்பதால், வகுப்பு முடியுமுன்னே அந்த விண்ணப்பம் ஒரு செய்தியாகவும் ஆகலாம். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டாலும் குடியியல் வழக்கு உண்டு. 2024 முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. இவற்றை ஒரு சட்டத்தரணி வந்து விளக்கட்டும். கடைசி நான்கு வாரம் ஒவ்வொருவரின் கதையோ கட்டுரையோ மேசைக்கு வரும், எல்லோரும் வாசித்து வந்து பேசுவார்கள், அவர் திருத்தி எழுதுவார், மறுபடியும் பேசுவார்கள்.

பாடத்துக்குப் பொருள் தேடி அலையத் தேவையில்லை. 1942 முதல் இயங்கும் சங்கத்திடம் நூலகம் இருக்கிறது. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகத்தில் பழைய ஈழத்து இதழ்கள் ஆயிரக்கணக்கில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன.

நிபந்தனைகளும் சில உண்டு. அனுமதிக்குக் கல்வித் தகைமை கேட்காதீர்கள்; இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். வளவாளர்களாக விரிவுரையாளர்களோடு ஓய்வுபெற்ற செய்தி ஆசிரியர்களையும் ஒப்புநோக்குநர்களையும் அழையுங்கள். பொன்னாடை வேண்டாம், கொடுப்பனவு கொடுங்கள். வரவுக்குச் சான்றிதழ் கொடுக்கவேண்டாம். முதல் வரைவையும் இறுதிப் பிரதியையும் சேர்த்துக் கொடுப்பவருக்கு மட்டும் கொடுங்கள். தொடக்க விழாவும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, வகுப்பு வெள்ளவத்தையோடு நின்றுவிடக் கூடாது. கொட்டாஞ்சேனை, புளூமெண்டல், மட்டக்குளிப் பக்கத்தில் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் அறையெடுத்து இருக்கிறார்கள். தொடர்மாடிகளிலும் தோட்டங்களிலும் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 155 ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வரலாம்தான். ஆனால் வேலை முடிந்து நெரிசலில் வந்து, இரவில் திரும்பிப் போவது இளம்பெண் ஒருத்திக்கு எவ்வளவு சிரமம் என்று அவள் வீட்டாரைக் கேட்டால் தெரியும். கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபை இருக்கிறது, தேவாலய மண்டபங்கள் இருக்கின்றன. ஒரு பிரிவு அங்கே, ஞாயிறு பிற்பகலில், இருட்டுமுன் முடியட்டும். வீரகேசரி இருக்கும் கிராண்ட்பாஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கடைசி வாரத்தில் பத்திரிகைக் காரியாலயம் ஒன்றைப் பார்க்க நடந்தே போகலாம்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டபம் புத்தக விழாவுக்குக் கிடைப்பதுபோலவே புத்தகமாகாத கைப்பிரதிக்கும் கிழமைக்கு ஒரு மாலை கிடைத்தால் போதும். புரூவ் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். கொட்டாஞ்சேனைப் பிரிவு தொடங்கினால் முதல் வாரத்திலேயே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13