நாலு பிள்ளைகளுக்கு அப்பா... சரி, அக்காவுக்கு என்ன பெயர்?



பிடித்த படத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எழுதப்போவது டென்மார்க் நாட்டுப் படம். "ஆரம்பிச்சுட்டாடா"ன்னு யாரும் பக்கத்துத் தாளுக்குத் தாவிட வேண்டாம், ப்ளீஸ்! இது விருதுப் படம் இல்லை. வீட்டோடு உட்கார்ந்து சிரிக்கிற கறுப்பு வெள்ளைப் படம். பெயர் 'ஃபார் டில் ஃபிரே'. 'நாலு பிள்ளைகளுக்கு அப்பா' என்று அர்த்தம். வெளிவந்த வருடம் 1953.

அம்மா இல்லாத வீடு. அப்பா ஒருத்தர். மூத்தவள் சோஸ், அடுத்து ஓலெ, மீயெ, கடைக்குட்டி சின்ன பெர். இவங்க போதாதுன்னு ஆண்டர்ஸ் மாமான்னு ஒரு வயசானவர். முதலில் இது காய் எங்ஹோம் என்பவர் வரைந்த படக்கதையாக வந்தது. அதைச் சினிமாவாக எடுத்தார்கள். படம் ஓடு ஓடுன்னு ஓடியதால் அடுத்தடுத்து எடுத்துக்கிட்டே போனாங்க. 1954-இல் குடும்பம் பனிக்குப் போச்சு, 1955-இல் கிராமத்துக்கு, 1959-இல் போர்ன்ஹோம் தீவுக்கு. 1971 வரை மொத்தம் ஒன்பது படங்கள்.

முதலில் பிடிச்சதைச் சொல்லிடறேன். அம்மா இல்லாத பிள்ளைகள் என்றாலே கொடுமைக்காரச் சித்தி வருவாள், மழை பெய்யும், வயலின் அழும் என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே அந்த அழுகையை நம்பிப் படம் ஓடவில்லை. சின்ன பெர் அடிக்கிற லூட்டிதான் படமே. அவனுக்கும் ஆண்டர்ஸ் மாமாவுக்கும் உள்ள ஒட்டுதல் இருக்கே, அடடா! வீட்டிலேயே சின்னவனும் வீட்டிலேயே வயசானவரும் ஒரே கட்சி. அந்த இரண்டு வேடங்களில் நடித்தவர்கள் ஓலெ நோய்மன் என்ற பையனும் பீட்டர் மால்பெர்க் என்ற முதிய நடிகரும். 1956-இல் வந்த படத்தில் ஒரு குட்டிப் பறவையைப் பற்றி இருவரும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று உண்டு. மொழி புரியாத எனக்கே இரண்டு நாள் வாயிலேயே இருந்தது.

அப்பாவாக வந்த இப் ஷோன்பெர்க் பெரிய உடம்புக்காரர். அடிக்கிற அப்பா இல்லை, அசட்டு அப்பாவும் இல்லை. 1955-இல் அவர் இறந்துபோனதும் கார்ல் ஸ்டெக்கர் என்ற நடிகர் அப்பாவானார். குடும்பம் நிற்காமல் ஓடியது.

இனிதான் என் பிரச்சினை.

'சோஸ்' என்றால் என்னன்னு தேடிப் பார்த்தேன். (தக்காளி சாஸ் இல்லை!) டேனிஷ் மொழியில் சகோதரியைச் செல்லமாகக் கூப்பிடும் சொல்லாம். அதாவது நம்ம 'அக்கா' மாதிரி. ஓலெவுக்குப் பெயர் இருக்கு, மீயெவுக்கு இருக்கு, பெர்ருக்கு இருக்கு. மூத்த பெண்ணை மட்டும் உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவள்தான் அந்த வீட்டை நடத்துகிறாள். சமையல் அவள், பிள்ளைகளைக் கிளப்புவது அவள், வீட்டில் அம்மா இருந்தால் என்னென்ன செய்வாரோ அத்தனையும் அவள். அப்பாவுக்கும் 'அப்பா' என்றுதானே பெயர் என்று கேட்கலாம். ஆனால் அவர் பெயரில் படமே இருக்கு சாமி! போஸ்டரில் அப்பா, அடுப்படியில் அக்கா.

இதைச் சொன்னதும் என் தோழி ஒருத்தி சண்டைக்கு வந்தாள். "அது அந்தக் காலம்டி. 1953-ல எல்லா ஊர்லயும் அப்படித்தான். சிரிச்சுட்டுப் போவியா, ஆராய்ச்சி பண்றா"ன்னா. சரி, அந்த 1953-ஐயே பார்ப்போம். அப்போது டென்மார்க் அரசர் ஒன்பதாம் ஃபிரெடரிக்குக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். பழைய சட்டப்படி பெண் அரியணை ஏற முடியாது. அரசருக்குப் பிறகு தம்பி க்னூட்டுக்குத்தான், அதாவது பெண்களுக்குச் சித்தப்பாவுக்குத்தான், பட்டம். அதே 1953-இல் மக்களிடம் ஓட்டெடுத்து அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். மூத்த மகள் மார்கரெத்துக்கு அப்போது 13 வயது. 1972-இல் அவர் அரசியானார். 2024 ஜனவரியில் தானாகவே முடியைத் துறக்கும் வரை 52 வருடம் ஆண்டார்.

ஆக ஒரே நாடு, ஒரே வருடம். அரண்மனையில் மூத்த மகளுக்கு அரியணைக்கு வழி விட்டாச்சு. சினிமாவில் மூத்த மகளுக்குக் கரண்டி. "அந்தக் காலம்" என்று எந்தக் காலத்தைச் சொல்றே தோழி? (இதிலும் ஒரு சின்ன எழுத்து நிபந்தனை: தம்பி இருந்தால் அவனுக்கே முதலிடம். அது போக 2009 ஆகிவிட்டது.)

இன்னொன்று தெரிஞ்சப்போ எனக்கே குழப்பம் வந்துடுச்சு. படத்தை இயக்கியவர் ஒரு பெண்! ஆலிஸ் ஓ'ஃபிரெடரிக்ஸ். 1934-லிருந்து படம் இயக்கியவர். எழுபதுக்கு மேல் எடுத்திருக்கிறார். பெண்கள் கேமராவுக்கு முன்னால் மட்டும் நின்ற காலத்தில் பின்னால் நின்று உத்தரவு போட்டவர். அவர் படத்திலேயா இப்படி என்று முதலில் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது கொஞ்சம் இறங்கிவிட்டேன். சோஸ் செய்கிற வேலையை அவர் மறைக்கவில்லையே! மற்ற படங்களில் சாப்பாடு தானாக மேஜைக்கு வந்துவிடும், சட்டை தானாக வெளுத்துவிடும். இதில் யார் செய்தது என்று நமக்குத் தெரிகிறது. காட்டாமல் விட்டிருந்தால் எனக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆனாலும் என் மார்க் பத்துக்கு ஏழுதான்.

2005-இல் புது நடிகர்களை வைத்து இந்தப் படங்களை மறுபடி எடுக்க ஆரம்பித்தார்கள். பழைய ஆட்கள் யாரும் இல்லை. கறுப்பு வெள்ளை கலராகிவிட்டது. ஆனால் சோஸ் சோஸ்தான். அவளுக்கு ஒரு பெயர் வைக்க ஐம்பது வருடம் போதவில்லை போல.

நானும் வீட்டில் மூத்தவள்தான். அதனால்தான் இவ்வளவு கோபமா என்று கேட்டால், ஆமாம், அதுவும்தான். தம்பிக்கும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். சின்ன பெர்ரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். முடிந்ததும், "படத்தில் யார் ரொம்ப வேலை செஞ்சாங்க, சொல்லு பார்ப்போம்"னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சான்.

"அக்கா, பசிக்குது"ன்னான்.

– பதினொன்றாம் வகுப்பு மாணவி