ஆமைக்கும் ஒரு ஸீட்

வேகமாகப் படிக்கிறவனுக்குத்தான் மெடிக்கல் ஸீட் என்று யார் கிளப்பிவிட்டது? 2025 'நீட்' தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 180 கேள்வி, 180 நிமிஷம். அதில் சரிபாதி, 90 கேள்வி, உயிரியல். பெரும்பாலும் தெரிந்தால் அரை நிமிஷம். தெரியாவிட்டால் அரை நாள் முறைத்தாலும் வராது. அங்கே மிச்சம் பிடிக்கிற நேரம்தான் இயற்பியல் கணக்குக்கு மூலதனம்.

கீழ் போர்ஷன் பையன் புலம்பினான்: "அப்பா பி.எஃப். லோன் போட்டு கோச்சிங் சேர்த்திருக்கார் அண்ணே. ஒரு பக்கத்துக்கு எனக்குப் பத்து நிமிஷம் ஆகுது. ஃப்ரெண்டு புஸ்தகத்தையே மூணு தடவை முடிச்சுட்டான்!"

"மூடிட்டுக் கேட்டியா, என்ன ஞாபகம் இருக்குன்னு?"

விஷயம் அவ்வளவுதான் ஸார். மெதுவாகவே ஒரு தடவை படிக்கட்டும். புத்தகத்தை மூடி, நினைவிருப்பதை எழுதட்டும். விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்க்கட்டும். மறுநாள் ஒரு முறை, மறுவாரம் ஒரு முறை இதே வேலை. பழைய கேள்வித்தாளைக் கடிகாரம் வைத்துப் போடட்டும். முரண்டு பிடிக்கிற கேள்வியைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வரட்டும். மண்டையில் இருப்பதை ஹாலில் தேட வேண்டியதில்லையே!

டிபார்ட்மென்ட் பரீட்சையை வருஷா வருஷம் தள்ளிப்போடும் ஆபீஸ் நண்பர்களே, உங்களுக்கும் இதே மருந்துதான். தினம் ஒரு வேளை, டி.வி.க்கு முன்!