வேலை தேடுவதும் சங்கத்தின் வேலையே

விடியற்காலை ஐந்து மணிக்குத் திருப்பருத்திக்குன்றத்துச் சாலையில் நின்று பாருங்கள். தறிச் சத்தத்தை முந்திக்கொண்டு கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் ஏற்றிப் போகும் பஸ் அது. கையில் சோற்று டப்பாவும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஏறுகிறவர்களில் பலர் நெசவாளி வீட்டுப் பிள்ளைகள். கழனியில் களை பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள். பஸ்ஸில் ஏறாமல், ஏறுகிறவர்களைப் பார்த்தபடி டீக்கடை ஓரத்தில் நிற்கிற இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கு வேலை இல்லை. அவர்களைப் பற்றி எழுதுகிறோம். நாளைக்கு அதே இடத்தில் நிற்க நேரக்கூடிய நம் எல்லோருக்காகவும் எழுதுகிறோம்.

இவ்வூரை ஜினகாஞ்சி என்பார்கள். சமணக் கோயிலின் விதானத்து ஓவியங்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஊரின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. காஞ்சிப் பட்டின் புகழோ உலகமெல்லாம் பரவியிருக்கிறது. ஆனால் அந்தப் புகழில் நெசவாளியின் பங்கு என்ன? கோர்வைச் சேலை நெய்யத் தறியில் ஒருவர் போதாது. கரைக்கு நாடா போட இன்னொருவர் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இன்னொரு கை பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகாத குழந்தையின் கையாக இருந்தது. அந்தக் கொடுமையை எதிர்த்தோம். குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். படித்து முடித்து வந்து நிற்கும் அந்தப் பிள்ளைக்கு இந்தச் சமுதாயம் என்ன பதில் வைத்திருக்கிறது?

"முயற்சி போதாது, தன்னம்பிக்கை வேண்டும்" என்று உபதேசம் செய்கிறார்கள். இது அபாண்டம். நம் பிள்ளைகள் அலையாத வாசல் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தேடினாலும் தேடுகிறவன் ஒரு வேலையைக்கூட உண்டாக்க முடியாது. வேலையை உண்டாக்கும் பொறுப்பு சர்க்காருடையது. இதை முதலில் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் கடமையில் பாதியைத்தான் செய்தவர்களாவோம். இருக்கிற கொஞ்சநஞ்ச வேலையும் எப்படி, யார் கைவழியாகப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கங்காணி சாகவில்லை

நம் பாட்டன்மாரை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனவன் கங்காணி. பஞ்சாலைகளில் ஆள் எடுத்தவன் மேஸ்திரி. வேலை வேண்டுமா, அவனுக்கு லஞ்சம் கொடு. வேலை நிலைக்க வேண்டுமா, மறுபடியும் கொடு. இந்த அக்கிரமத்தை வெள்ளைக்காரன் நியமித்த ராயல் கமிஷனே 1931இல் ஒப்புக்கொண்டு, ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அதற்கும் முன்பே, 1919இல், சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் கட்டணமில்லாத பொது வேலைவாய்ப்பு நிலையங்கள் வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்காக 1945இல் இந்த நிலையங்கள் தொடங்கின. 1948இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன.

இன்றைய கங்காணி மடிப்புக் கலையாத சட்டை போட்டிருக்கிறான். ஒப்பந்தக்காரனின் ஆள் என்று சொல்லிக்கொள்கிறான். ஆதார் நகலும் போட்டோவும் வாங்கிக்கொள்கிறான். "கம்பெனியில் நமக்கு ஆள் இருக்கிறது, வெளியே சொல்லாதே" என்று காதோடு சொல்லிப் பணம் கேட்கிறான். அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே. வெளியே சொல்லாதே! ரகசியம்தான் அவனுடைய சரக்கு. எந்தக் கம்பெனியில் எத்தனை ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால் அவன் எதை விற்பான்?

கார்டு பதிந்தால் போதுமா?

"வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்திருக்கிறேன், கார்டு வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே நரை கண்டவர்கள் நம்மிடையே உண்டு. காரணத்தைச் சொல்கிறோம். 1959ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அந்த அலுவலகம் அனுப்புகிறவரையே எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அறிவிக்காவிட்டால் முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய்! விவசாயக் கூலி வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. 2025 நவம்பர் 21 அன்று அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டது.

அரசு வேலைக்குக்கூடக் கார்டை மட்டும் நம்பியிருப்பதில் பயனில்லை. அலுவலகத்தில் பெயர் கேட்பதோடு பத்திரிகையிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கிற எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1996இல் தீர்ப்பளித்தது. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து நாமே விண்ணப்பிக்காவிட்டால் வாய்ப்பு போய்விடும்.

பதிவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பதியுங்கள், மூன்றாண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பியுங்கள். ஐந்தாண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காதவருக்கு, வருமான வரம்புக்கும் வயது வரம்பிற்கும் உட்பட்டு, தமிழக அரசின் உதவித்தொகை உண்டு. எவ்வளவு? 2006இல் தொடங்கிய திட்டப்படி, பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. அதுவும் மூன்றாண்டுக்குத்தான். 200 ரூபாயை முப்பது நாளால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. ஒரு டீக்குக் காணாது. இருந்தாலும் அது நம் உரிமை, விட்டுக்கொடுக்கக் கூடாது.

எப்படித் தேடுவது?

முதலாவது, நம் கையைப் பற்றி நாமே தாழ்வாக நினைக்கக் கூடாது. "எனக்குத் தறி ஒன்றுதான் தெரியும்" என்கிறார் நெசவாளித் தோழர். ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடும் கண்ணும், நாள் முழுதும் பிசகாமல் அளவு காக்கும் கையும் சாதாரணமா? மில்லில் வேலை பார்த்தவருக்கு இயந்திரம் தெரியும், ஷிப்டு தெரியும். பம்பு செட்டும் டிராக்டரும் பழகிய விவசாயத் தொழிலாளிக்கு மோட்டார் தெரியும். என்னென்ன வேலை, எத்தனை வருஷம், எந்த இயந்திரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குச் சங்கத் தோழர் எழுதித் தரட்டும்.

இரண்டாவது, காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். பள்ளி மாற்றுச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஐடிஐ சான்று, பாங்க் பாஸ்புத்தகம், பழைய வேலையின் பி.எப். எண். நகலைக் கொடுங்கள், அசலை எவனிடமும் ஒப்படைக்காதீர்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்கிறவன் உங்களையே பிடித்து வைத்துக்கொள்கிறான்.

மூன்றாவது, சேர்ந்து தேடுங்கள். இதுதான் முக்கியம். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நம் ஊர்க்காரர்கள் உள்ளே இருக்கிறார்கள். எந்த ஷிப்டில் ஆள் குறைகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்தச் செய்தி ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்கு வரட்டும்; ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறட்டும். நாலு பேர் நாலு கேட்டுக்குப் போய் மாலையில் செய்தியைப் பகிர்ந்துகொண்டால், நாலு நாள் அலைச்சல் ஒரே நாளில் முடிகிறது. பஸ் காசும் மிச்சம்.

"ஒரு வேலைக்கு நாலு பேர் போட்டி, நான் ஏன் சொல்ல வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். இது நியாயமான பயம். ஆனால் நீங்கள் மறைக்கும் செய்தி தரகனுக்குத் தெரியாமலா இருக்கிறது? மறைப்பதால் கூலிதான் இறங்குகிறது. நாலு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் போய் நின்றால், இருப்பதில் குறைந்த கூலிக்குச் சம்மதிக்கிறவனை எடுப்பான். நாலு பேரும் பேசி வைத்துக்கொண்டு, இதற்குக் கீழே சம்மதிப்பதில்லை என்று போனால்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளி நம் வேலையைப் பறிக்கிறான் என்ற விஷப் பிரசாரத்துக்கும் இதுவே பதில். அவனையும் அதே கூலிக்குக் குரல் கொடுக்கச் செய்தால் அவனை வைத்து நம் கூலியை வெட்ட முடியாது.

துறைமுகத் தொழிலாளிகள் இதை நமக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள். தினமும் காலையில் கூட்டமாக நின்று, மேஸ்திரி விரல் நீட்டுகிறவனுக்கு மட்டும் வேலை என்றிருந்தது அங்கே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் வாரியங்கள் ஏற்பட்டன. பதிவேடு வந்தது, முறை வைத்து வேலை வந்தது, வேலை இல்லாத நாளுக்கும் ஒரு தொகை வந்தது. வேலை கேட்பவர்கள் ஒரு ஸ்தாபனமாக நின்றதால் வந்தது அது.

கழனித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், எழுத்து மூலம் வேலை கேட்டவருக்கு 15 நாளில் வேலை தராவிட்டால் படி தர வேண்டும் என்றது. தேதியிட்ட ரசீது இல்லாமல் வாயால் கேட்டவர்களுக்கு அந்தப் படி கிடைக்கவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொன்றை நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் எதுவானாலும், எழுதிக் கேள், ரசீது வாங்கு என்ற பாடம் மாறாது.

சேரும் முன் ஐந்து கேள்வி

நம்மை வேலைக்கு எடுப்பது கம்பெனியா, ஒப்பந்தக்காரனா? நியமனக் கடிதம் உண்டா? கூலி எவ்வளவு, அதில் பிடித்தம் எவ்வளவு? எத்தனை மணி நேரம், ஓவர்டைமுக்கு என்ன கணக்கு? பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா? இந்த ஐந்தையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நாம் எதிர்க்கிறோம். ஆயினும் அவற்றிலேயே நியமனக் கடிதம் கட்டாயம் என்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் என்ன? வேலைக்கு முன்பணம் கேட்கிறவனை அப்போதே விட்டு விலகுங்கள்.

சேர்ந்த நாள் முதல் ஒரு டயரி போடுங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. கணக்கு நம்மிடம் இல்லாவிட்டால் நிர்வாகத்தின் கணக்குத்தான் கணக்கு.

வேலை கிடைத்ததும் கதை முடிந்துவிடுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் திறந்தது; 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளிகள் மறுபடியும் வேலை தேடும் வரிசைக்கு வந்தார்கள். அதே வட்டாரத்தில் 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளிகள் முப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவாயிற்று. வேலை தேடும்போது பழகிய ஒற்றுமை, வேலையைக் காக்கும்போதும் வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இது: வட்டாரத் தொழிற்சாலைகளின் காலியிடங்களை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டு. உள்ளூரில் எத்தனை பேருக்கு நேரடி வேலை, எத்தனை பேருக்கு ஒப்பந்த வேலை என்று வெளியிடச் செய். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினருக்குத் தடையில்லாமல் பாவும் நியாயக் கூலியும் கொடு. கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் ஓட்டுகிறவன் மீது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரயோகி. தறியிலேயே சோறு கிடைத்தால் விடியற்காலை பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. ஓட விரும்புகிறவனும் பேரம் பேசும் பலத்தோடு ஓடுவான்.

கேட்டுக்கொண்டே சும்மா இருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்குங்கள். முதல் பக்கத்தில், ஊரில் வேலை இல்லாதவர்களின் பெயரை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில், எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். தறியில் ஒருவர் நாடாவை எறிய மற்றவர் வாங்குவதுபோல, இந்த இரண்டு பக்கத்தையும் சேர்க்கிற வேலையைச் சங்கம் எடுத்துக்கொள்ளட்டும்.