இல்லமும் கைத்திறனும்: பாஸ்டலில் ஒரு வரையாடு



விடுமுறை நாட்களில் பிள்ளைகள் வண்ணப்பெட்டியோடு அமர்ந்தால் முதலில் வரைவது சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியுமே. நம் மலையில் வாழும் விலங்கை அவர்கள் அறியார். இம்மாதம் அவர்களுக்கு வரையாட்டை அறிமுகம் செய்வோம்.

‘வரை’ என்பது மலை. மலையில் வாழ்வதால் வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. தமிழகத்திலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் கண்டறியப்பட்டன. வீரபாண்டியின் சில தெருக்களில் குடியிருப்போரே இதனினும் மிகுதியாக இருப்பர்! பல்லடம், பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குச் செல்வோர், ஆழியாறுக்கு மேலே ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவின் அருகே சாலையோரப் பாறைகளில் இவற்றைக் காணலாம். உணவு ஏதும் கொடுக்காமல், தொலைவில் நின்று பாருங்கள்.

உயிரினங்களின் உருவம் வரைவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை வாசகர் அறிவர். இதில் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. தவிர்க்க விரும்புவோர் இதே வழியில் பாறையையும் புல்வெளியையும் மூடுபனியையும் வரையலாம்.

கடையில் ‘சாஃப்ட் பாஸ்டல்’ என்று கேட்டு வாங்குங்கள். ‘ஆயில் பாஸ்டல்’ வேறு. அது மெழுகும் எண்ணெயும் கலந்தது. இது வண்ணப்பொடியைச் சிறிது பசையிட்டுக் குச்சியாக்கியது. ஆகையால் வழவழப்பான தாளில் இது பிடிக்காது. சற்றே சொரசொரப்பான தாள் வேண்டும். வெள்ளைத் தாளினும் சாம்பல் அல்லது பழுப்பு நிறத் தாள் தொடக்கநிலையினருக்கு எளிது.

முதலில் ஒரு புகைப்படத்தை ஐந்து நிமிடம் உற்று நோக்கச் செய்யுங்கள். ஜஹாங்கீர் பாதுஷாவிடம் வரிக்குதிரை கொண்டுவரப்பட்டபோது, அதன் வரிகள் யாரோ தீட்டிய சாயமோ என்று ஐயுற்று ஆராய்ந்த பின்னரே அவை இயற்கையானவை எனத் தெளிந்தார்கள். 1621இல் அதனை வரைந்த உஸ்தாத் மன்சூரின் ஓவியம் இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பார்வைதான் முதற்பாடம்.

அடுத்து, உடலுக்குப் பெரிய நீள்வட்டம், தலைக்குச் சிறிய நீள்வட்டம். இரண்டையும் தடித்த கழுத்தால் இணையுங்கள். கால்கள் குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். கொம்புகள் பின்னோக்கி வளைந்தவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. கோட்டை அழுத்த வேண்டாம்.

பாஸ்டலில் அடர்நிறம் முதலில், வெளிர்நிறம் இறுதியில். வண்ணக்குச்சியைப் படுக்கவைத்து உடல் முழுவதும் அடர்பழுப்பைப் பூசுங்கள். வயிற்றின் கீழ் நிழலுக்குக் கருப்பு வேண்டாம். அடர்நீலத்தைப் பழுப்போடு சேர்த்தால் நிழல் உயிர்பெறும். இந்த அடிப்பூச்சை மட்டும் துணியால் மெல்லத் தேய்த்துவிடுங்கள். அதற்கு நம் ஊரில் பனியன் வேஸ்ட் துணிக்குப் பஞ்சமா? மேற்பூச்சுகளைத் தேய்த்தால் எல்லாம் கலங்கிச் சேறாகும்.

பின்னர்க் குச்சியின் விளிம்பால், உரோமம் சாயும் திசையிலேயே சிறு சிறு கீற்றுகள் இடுங்கள். முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் இட்டாற்போல் வெள்ளி நிறத் திட்டு ஒன்று உண்டு. அதற்கு வெளிர்சாம்பலும் சிறிது சந்தன நிறமும் போதும். கடைசியாகக் கண்: அடர்நிறம் இட்டு, அதனுள் ஒரே ஒரு வெண்புள்ளி.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாஸ்டல் குச்சி உதிர்க்கும் தூள் மிக நுண்ணியது. பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு என்ன செய்யுமென்று நம் ஊராருக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வண்ணத்தூளும் அவ்வாறே மூச்சில் புகும். படத்தை வாயால் ஊதக் கூடாது. அட்டையை நிமிர்த்திப் பின்புறம் மெல்லத் தட்டினால் தூள் கீழே விழும். அதனை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கைக்குழந்தை இருக்கும் அறையில் இவ்வேலை வேண்டாம். முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உண்ண வேண்டும். இழைப்பு உள்ள பிள்ளைக்கு ஆயில் பாஸ்டலோ வண்ணப் பென்சிலோ கொடுங்கள். அதனால் அவன் வரையும் வரையாடு குறைந்துபோகாது.

முடிந்த படத்தைச் சுருட்டாமல், மேலே பட்டர் பேப்பர் இட்டு, நோட்டுப் புத்தகத்தினுள் தட்டையாக வையுங்கள். சட்டமிடுவோர் கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள்.

அக்டோபர் 7 வரையாடு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1975இல் இவ்விலங்கை முன்னோடியாக ஆய்ந்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அமைந்தது அது. அந்நாளில் பிள்ளைகள் தாம் வரைந்ததைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லட்டும். அதன் பெயரையும் அது வாழும் மலையையும் படத்தின் அடியில் தம் கையாலேயே எழுதட்டும்.